விற்க முடியாத சொத்து

எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமைப் பெண், எஜமான் மீது வழக்குப் போட்டு ஜெயித்த கதை

வீடு வாங்கினால் பத்திரம் எழுதுவார்கள். பழைய பத்திரம் ஒன்றை யாராவது வாசிக்க, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று அதில் வரும்.

வாயில் நுழையாத வார்த்தைகள்! ஆனால், பொருள் எளிதுதான். இந்தச் சொத்தை நீ தானமாகக் கொடுக்கலாம். வேறு பொருளுக்கு மாற்றிக் கொள்ளலாம். விற்கலாம். பிள்ளை, பேரன் என்று வழிவழியாக வைத்துக்கொண்டு ஆளலாம்.

எல்லாச் சொத்துக்கும் இந்த உரிமை உண்டா? கிடையாது.

ஒரு பெரியவர் உயில் எழுதுகிறார். "என் மனைவி ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் இருக்கலாம். விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு எந்தப் பராதீனமும் செய்யவோ கூடாது" என்று அதில் எழுதுகிறார். பராதீனம் என்றால், பிறர் கைக்கு மாற்றிவிடுவது.

மனிதனிடமும் இப்படி ஒரு சொத்து இருக்கிறது. ஏழைக்கும் உண்டு. பணக்காரனுக்கும் உண்டு.

அந்தச் சொத்து எது? அவனுடைய உயிர். அவனுடைய சுதந்திரம்.

அதை விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. மற்றவன் பறித்துக் கொண்டாலும், அது பறித்தவனுக்குச் சொந்தம் ஆகாது. திருட்டுச் சொத்துதான்!

இதைத்தான் "பறிக்க முடியாத உரிமை", "பராதீனம் செய்ய முடியாத உரிமை" என்று சட்டம் படித்தவர்கள் சொல்லுகிறார்கள்.

மேடையில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறோம். கைதட்டுகிறோம். வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஆனால், ஒரு பெண் கைதட்டிவிட்டுப் போகவில்லை. அந்த வார்த்தையைக் கோர்ட்டுக்கு எடுத்துக் கொண்டு போனாள். அதை வைத்தே தன் விலங்கை உடைத்தாள்.

அவள் கதையைக் கேளுங்கள்.

மாடியில் எழுதிய காகிதம்

முதலில், அந்த வார்த்தை எப்படிப் புகழ் பெற்றது என்று பார்ப்போம்.

1776-ம் ஆண்டு. அமெரிக்காவில் 13 குடியேற்ற நாடுகள் இருந்தன. அவற்றை இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டு வந்தார். "எங்களைக் கேட்காமல் எங்கள் மீது வரி போடாதே" என்று அங்கிருந்தவர்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள்.

பிலடெல்பியா என்ற நகரத்தில் அவர்களுடைய தலைவர்கள் கூடினார்கள். "நாங்கள் இனி சுதந்திர நாடு" என்று உலகத்துக்கு அறிவிக்க ஒரு பிரகடனம் வேண்டும். அதை எழுதும் வேலை தாமஸ் ஜெபர்சனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 33.

கொத்து வேலை செய்பவர் ஒருவரின் வீட்டு மாடியில் ஜெபர்சன் வாடகைக்குத் தங்கி இருந்தார். அங்கே உட்கார்ந்து எழுதினார்.

மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். உயிர் வாழவும், சுதந்திரமாக இருக்கவும், இன்பத்தை நாடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுத்தவன், படைத்தவன். அதை யாரும் பறிக்க முடியாது. அந்த உரிமையைக் காப்பாற்றத்தான் அரசாங்கம் இருக்கிறது. காப்பாற்றாத அரசாங்கத்தை மாற்றிவிடலாம்.

இதுதான் அந்தப் பிரகடனத்தின் சாரம். 1776-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி அது நிறைவேறியது. 56 தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தக் கருத்து ஜெபர்சன் தானாகக் கண்டுபிடித்தது அல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே, ஜான் லாக் என்ற ஆங்கில அறிஞர் இதைப்பற்றி எழுதி இருக்கிறார். ஆனால், ஒரு நாடு பிறக்கும்போதே இதை நெற்றியில் எழுதிக்கொண்டு பிறந்தது அதுவே முதல் தடவை.

அருகில் நின்ற சிறுவன்

ஜெபர்சன் எழுதிக் கொண்டு இருந்த நாட்களில், அவருக்குப் பணிவிடை செய்ய ஒரு சிறுவன் உடன் இருந்தான். அவன் பெயர் ராபர்ட் ஹெமிங்ஸ். வயது 14.

அவனுக்குச் சம்பளம் கிடையாது. அவன் அடிமை!

அவன் யார் தெரியுமா? ஜெபர்சனின் மாமனாருக்கு, ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை. அதாவது, ஜெபர்சனுக்கு மைத்துனன்!

"மனிதர் எல்லாரும் சமம்" என்று மேஜையில் காகிதம். பக்கத்தில் அடிமையாக மைத்துனன்!

ஜெபர்சன் தமது வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்து இருந்தார். அடிமை வியாபாரம் கொடுமை என்று பிரகடனத்தின் நகலில் ஒரு பகுதியும் எழுதினார். தலைவர்கள் அந்தப் பகுதியை அடித்துவிட்டார்கள். ஜெபர்சனும் தம் அடிமைகளை வைத்துக் கொண்டார்.

அப்படியானால், அந்தக் காகிதம் பொய்யா?

அதற்குப் பதில் சொன்னவர்கள் படித்த தலைவர்கள் அல்ல. அடிமைகள்!

தணல் அள்ளும் கரண்டி

அமெரிக்காவின் வடக்கே மாசாசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே ஷெபீல்டு என்று ஓர் ஊர். அந்த ஊரின் பெரிய பணக்காரர் கர்னல் ஜான் ஆஷ்லி. அவருடைய மனைவி ஹன்னா.

அந்த வீட்டில் ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவள் பெயர் பெட். ஹன்னாவின் தகப்பனார் வீட்டில் அடிமையாகப் பிறந்தவள். பிறகு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

விடிந்தால் வேலை. இருட்டினாலும் வேலை. அடிமைக்கு ஏது ஓய்வு?

கர்னல் நல்ல மாதிரி. ஆனால், அவருடைய மனைவிக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது!

அந்த வீட்டில் லிசி என்று ஒரு சின்னப் பெண்ணும் அடிமையாக இருந்தாள். அவள் பெட்டின் தங்கை என்று சிலர் சொல்லுகிறார்கள். மகள் என்று சிலர் சொல்லுகிறார்கள்.

ஒரு நாள், வீட்டில் ரொட்டி சுட்டார்கள். பாத்திரத்தில் கொஞ்சம் மாவு ஒட்டிக் கொண்டு இருந்தது. லிசி அதைச் சுரண்டி எடுத்தாள். தனக்கு என்று சின்ன ரொட்டி ஒன்று சுட்டுக் கொண்டாள்.

ஹன்னா பார்த்துவிட்டாள். "திருடி!" என்று கத்தினாள்.

அடுப்பில் தணல் அள்ளும் இரும்புக் கரண்டி பழுக்கக் காய்ந்து இருந்தது. ஹன்னா அதை எடுத்துச் சிறுமியை அடிக்க ஓங்கினாள்.

பெட் குறுக்கே பாய்ந்தாள். தன் கையை நீட்டித் தடுத்தாள். அடி அவள் கையில் விழுந்தது!

எலும்பு வரை காயம். கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பெரிய தழும்பு நிலைத்துவிட்டது.

மூடி மறைக்காத தழும்பு

வேறு யாராவது இருந்தால், சட்டைக் கையை இழுத்துவிட்டுத் தழும்பை மறைப்பார்கள். பெட் மறைக்கவில்லை. வேண்டும் என்றே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டாள். எல்லார் கண்ணிலும் படும்படி நடமாடினாள்.

விருந்தினர் வருவார்கள். "ஐயோ, கையில் என்ன?" என்று கேட்பார்கள்.

"எஜமானியம்மாவைக் கேளுங்கள்" என்பாளாம் பெட். எஜமானியும் அங்கேயே இருப்பாள்!

அடிமைக்கு வாய் திறக்க உரிமை இல்லை. அதனால், அவள் கை பேசியது.

பந்தியில் கேட்ட பேச்சு

ஆஷ்லி ஊர்ப் பெரிய மனிதர் அல்லவா? இங்கிலாந்துக்கு விரோதமாகப் பேச, ஊர்த் தலைவர்கள் அவர் வீட்டில்தான் கூடுவார்கள்.

1773-ம் ஆண்டிலேயே அவர்கள் அந்த வீட்டில் கூடி ஒரு தீர்மானம் தயாரித்தார்கள். "மனிதர் எல்லாரும் சமம். சுதந்திரமானவர்கள்" என்ற கருத்து அதில் இருந்தது. பிலடெல்பியா பிரகடனத்துக்கு 3 ஆண்டு முன்பு!

1780-ம் ஆண்டு மாசாசூசெட்ஸ் மாநிலம் தனக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதிக் கொண்டது. அதன் முதல் விதி என்ன சொன்னது? மனிதர் எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள். பறிக்க முடியாத உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்றது.

பெட்டுக்கு எழுதத் தெரியாது. படிக்கத் தெரியாது. ஆனால், காது இருந்தது. மூளையும் இருந்தது.

பெரிய மனிதர்கள் பேசியதைப் பரிமாறும்போது கேட்டாள். ஊரில் வாசித்ததைக் கேட்டாள். கேட்டதை மனத்தில் போட்டுப் புரட்டினாள்.

"மனிதர் எல்லாரும்" என்கிறார்கள். "வெள்ளையர் எல்லாரும்" என்று சொல்லவில்லை. அப்படியானால், நான் யார்? நானும் மனிதப் பிறவிதானே!

வக்கீல் வீட்டு வாசலில்

பெட் நேராக ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனாள். அவர் பெயர் தியோடர் செட்ஜ்விக்.

அவர் யார் தெரியுமா? ஆஷ்லி வீட்டில் கூடி 1773-ம் ஆண்டுத் தீர்மானத்தைத் தயாரித்தார்களே, அந்தக் கூட்டத்தில் எழுதும் வேலை பார்த்தவரே அவர்தான்!

தான் வாயில்லாப் பிராணி அல்ல என்று பெட் அவரிடம் சொன்னாள். எல்லாரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று சட்டம் சொல்லும்போது, அந்தச் சட்டம் தனக்கு விடுதலை தராதா என்று கேட்டாள்.

வக்கீல் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் எழுதிய வார்த்தையே அவரைத் தேடி வந்து வாசலில் நிற்கிறது!

வழக்கை ஏற்றுக் கொண்டார். ஆஷ்லி வீட்டில் இருந்த ப்ரோம் என்ற அடிமையையும் வழக்கில் சேர்த்துக் கொண்டார். ஒரு பெண் மட்டும் தனியாக வழக்காடினால் சட்டச் சிக்கல் வரக்கூடும் என்பதால், இந்த ஏற்பாடு.

சொத்து வழக்கு

இங்கேதான் வேடிக்கை.

அந்த நாட்டில் ஒரு சட்டமுறை இருந்தது. ஒருவன் உன் மாட்டையோ வண்டியையோ முறையில்லாமல் பிடித்து வைத்துக் கொண்டால், கோர்ட்டு உத்தரவு வாங்கி அதை மீட்கலாம். பெட்டையும் ப்ரோமையும் மீட்க வக்கீல் இந்த முறையைத்தான் கையாண்டார்.

"இவர்கள் ஆஷ்லியின் சொத்து அல்ல. ஆகையால் விட்டுவிட வேண்டும்" என்று உத்தரவு போயிற்று. ஆஷ்லி விடவில்லை. "அவர்கள் என் ஆயுள் கால அடிமைகள்" என்றார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. 1781-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கிரேட் பாரிங்டன் என்ற ஊரில் விசாரணை.

புதிய அரசியல் சட்டம் எல்லாரையும் சுதந்திரப் பிறவி என்று சொல்லுகிறது. ஆகவே, இந்த மாநிலத்தில் அடிமை என்று யாரும் இருக்க முடியாது. இதுதான் வக்கீலின் வாதம்.

ஜூரிகள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். ஆஷ்லியோ செல்வாக்கு மிகுந்தவர். தீர்ப்பு என்ன ஆகும்?

ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ப்ரோமும் பெட்டும் ஆஷ்லியின் அடிமைகள் அல்ல. அவர்களை அடைத்து வைத்தது குற்றம். நஷ்டஈடாக ஆஷ்லி 30 ஷில்லிங் கொடுக்க வேண்டும். கோர்ட்டுச் செலவையும் கொடுக்க வேண்டும்.

ஆஷ்லி அப்பீல் செய்தார். பிறகு, அவரே அப்பீலை விட்டுவிட்டார்.

புதுப் பெயர்

"திரும்பி வா. சம்பளம் தருகிறேன்" என்று ஆஷ்லி கூப்பிட்டார்.

பெட் போகவில்லை.

அவர் தமக்குப் புதுப் பெயர் சூட்டிக் கொண்டார். எலிசபெத் ப்ரீமேன்! "ப்ரீமேன்" என்றால், சுதந்திர மனிதர் என்று பொருள்.

எலிசபெத் அம்மையார் வக்கீல் செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்தார். அந்த வீட்டுக் குழந்தைகளைத் தாய் போல வளர்த்தார். பிரசவம் பார்ப்பதிலும், நோயாளிகளைக் கவனிப்பதிலும் பெயர் எடுத்தார். காசு சேர்த்துச் சொந்தமாக வீடு வாங்கினார்.

ஒரு காலத்தில் அவரே ஒருவருடைய சொத்து. இப்போது அவர் பெயரில் ஒரு சொத்து!

1829-ம் ஆண்டு டிசம்பர் மாதம் எலிசபெத் அம்மையார் காலமானார். செட்ஜ்விக் குடும்பத்தார், தங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் வளர்த்த காதரின் செட்ஜ்விக் பெரிய எழுத்தாளர் ஆனார். அவர் எழுதி வைத்ததால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது.

ஒருத்திக்கு மட்டுமா?

பெட் தனி ஆள் அல்ல. 1777-ம் ஆண்டிலேயே, பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பர் தலைவரும் வேறு சிலரும் மாசாசூசெட்ஸ் சட்டசபைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். பறிக்க முடியாத உரிமை எங்களுக்கும் உண்டு என்று, பிரகடனத்தின் சொல்லையே எடுத்து எழுதினார்கள். பிரகடனம் வந்து 6 மாதம்தான் ஆகி இருந்தது!

பெட் வழக்குக்குப் பிறகு, குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கு மாநிலத்தின் பெரிய கோர்ட்டுக்குப் போனது. அங்கும் இதே முடிவு. 1790-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் அடிமைகள் எண்ணிக்கை எத்தனை? ஒருவர் கூட இல்லை!

பிறர் உரிமையை விழுங்கிய உரிமை

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை.

உரிமை என்ற சொல் கத்தி மாதிரி. காய் நறுக்கவும் உதவும். கழுத்தை அறுக்கவும் உதவும்.

தெற்கு மாநிலங்களில் அடிமை முதலாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அடிமை எங்கள் சொத்து. சொத்தைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை" என்றார்கள். அவர்களும் உரிமைதான் பேசினார்கள்!

டிரெட் ஸ்காட் என்ற அடிமை, தமக்கும் தம் மனைவிக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். 11 ஆண்டு நடந்தது. 1857-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "மனிதர் எல்லாரும் சமம்" என்று எழுதியபோது கறுப்பர்களை மனத்தில் வைத்து எழுதவில்லை என்று தலைமை நீதிபதி டானி கூறினார். 9 நீதிபதிகளில் 7 பேர் ஸ்காட்டுக்கு விரோதமாகத் தீர்ப்பு அளித்தார்கள்.

ஒரு சின்ன ஊரின் ஜூரிகளுக்குத் தெரிந்தது, பெரிய கோர்ட்டுக்குத் தெரியவில்லை!

பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக்கணக்கான பேர் மடிந்தார்கள். 1865-ம் ஆண்டுதான் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அடிமை முறையை அமெரிக்கா முழுவதும் ஒழித்தார்கள்.

அப்படியானால், எது உண்மையான உரிமைக் குரல்? எது போலி?

இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. "எனக்கு உள்ளது உனக்கும் உண்டு" என்று சொன்னால், அது உரிமை. "எனக்கு உண்டு, உனக்கு இல்லை" என்று சொன்னால், அது சலுகை. இன்னொருவனுடைய உயிரும் உழைப்பும் என் உரிமை என்று சொன்னால், அது கொள்ளை!

பெண்கள் சேர்த்த ஒரு வார்த்தை

1848-ம் ஆண்டு ஜூலை மாதம். நியூயார்க் மாநிலத்தில் செனகா பால்ஸ் என்ற ஊரில் பெண்கள் மாநாடு நடந்தது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்ற பெண்மணி ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு வந்தார்.

அது என்ன அறிக்கை? ஜெபர்சன் எழுதிய அதே பிரகடனம்! "ஆண்கள் எல்லாரும் சமம்" என்று பொருள்படும் இடத்தில், "ஆண்களும் பெண்களும்" என்று சேர்த்துவிட்டார். மூன்றாம் ஜார்ஜ் அரசரின் குற்றங்களைப் பட்டியல் போட்ட இடத்தில், ஆண்கள் பெண்களுக்குச் செய்த குற்றங்களைப் பட்டியல் போட்டார்!

68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெண்களுக்கு ஓட்டு உரிமை வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது, பெண்களே தயங்கினார்கள். அப்போது ஒருவர் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். அவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்தவர்! உரிமை இல்லாத வலி அவருக்குத் தெரியும் அல்லவா?

அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு உரிமை என்று சட்டம் வந்தது 1920-ம் ஆண்டில். 72 ஆண்டு காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பெண்களில் அப்போது உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்தான்!

திரும்பி வந்த செக்

அடிமை முறை ஒழிந்தது. ஆனால், கறுப்பர்களுக்குத் தனி பள்ளிக்கூடம். பஸ்ஸில் தனி இடம். தெற்கே ஓட்டுப் போட முடியாது.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி. வாஷிங்டன் நகரில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசினார்.

அவர் அந்தப் பிரகடனத்தை ஒரு புரோநோட்டுக்கு ஒப்பிட்டார்! அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் உயிர், சுதந்திரம் என்ற கடனைத் தருவதாக அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டு இருக்கிறார்கள். கறுப்பர்களுக்குக் கொடுத்த செக் மட்டும் பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஆனால், நீதி என்ற பாங்கி திவால் ஆகிவிட்டது என்று நாங்கள் நம்பமாட்டோம். இதுதான் அவர் சொன்னதன் கருத்து.

நோட்டைக் கிழித்துப் போடு என்று அவர் சொல்லவில்லை. நோட்டை நீட்டிப் பணம் கேட்டார். பெட் செய்ததும் அதுதான்! அடுத்த ஆண்டு சம உரிமைச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஓட்டு உரிமைச் சட்டம் வந்தது.

கடல் தாண்டியும் அந்த வார்த்தை போனது. 1945-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி, ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்தார். தம் பேச்சை எதைச் சொல்லித் தொடங்கினார்? அமெரிக்கப் பிரகடனத்தைச் சொல்லித்தான்! பின்னால் அதே அமெரிக்காவோடு அவர் நாடு போரிட நேர்ந்தது.

ஓர் இந்தியப் பெண்மணி செய்த திருத்தம்

1948-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி, ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. மனித இனம் முழுவதற்கும் பறிக்க முடியாத உரிமைகள் உண்டு என்று அதன் முகவுரை கூறுகிறது.

அதைத் தயாரித்த கமிஷனுக்குத் தலைவர், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டின் மனைவி எலினார். இந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர் ஹன்சா மேத்தா.

முதல் நகலில் "ஆண்கள் எல்லாரும்" என்றும் பொருள்படும் சொல்தான் இருந்தது. "அந்தச் சொல்லில் பெண்களும் அடக்கம்தான்" என்று சமாதானம் சொன்னார்கள். ஹன்சா மேத்தா ஒப்பவில்லை. "மனிதப் பிறவிகள் எல்லாரும்" என்று மாற்றவேண்டும் என்று வாதாடினார். மாற்றினார்கள்.

இன்று உலகம் முழுவதும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தாலும் செல்லாது

நம் நாட்டில் என்ன நிலை?

1981-ம் ஆண்டு பம்பாயில், நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை மாநில அரசாங்கம் வெளியேற்றியது. அவர்களில் ஒருவர் நமது சேலம் மாவட்டத்துக்காரர். நிலம் இல்லாத கூலித் தொழிலாளி. 1961-ம் ஆண்டு பிழைப்புத் தேடிப் போனவர். அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் வேலை இல்லை. அவர் மட்டும் மறுபடியும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. "குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று இவர்களே ஐகோர்ட்டில் உறுதி கொடுத்து இருக்கிறார்கள். இப்போது எப்படிப் பேசலாம்?" என்று எதிர்த்தரப்பு கேட்டது.

1985-ம் ஆண்டு 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அடிப்படை உரிமையை ஒருவன் விட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது என்றார்கள். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றார்கள். கத்தரிக்காய் விலை மாதிரிப் பேரம் பேசும் சரக்கு அல்ல அது!

ஆனால், நடைபாதையிலேயே நிரந்தரமாக இருக்கலாம் என்று கோர்ட்டு சொல்லவில்லை. நோட்டீசு கொடுத்து, மழைக்காலம் முடிந்த பிறகு அகற்றலாம் என்றது. உரிமை இருக்கிறது என்று சொல்வது ஒன்று. அது சோறு போடுவது வேறொன்று.

தகப்பனார் தீர்ப்பும் மகன் தீர்ப்பும்

1975-ம் ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. பலரை விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா?

போக முடியாது என்று 1976-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 5 நீதிபதிகளில் 4 பேர் இப்படிச் சொன்னார்கள். நீதிபதி கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். உயிர் வாழும் உரிமை அரசியல் சட்டம் போட்ட பிச்சை அல்ல. அதற்கு முன்பே உள்ளது என்பது அவர் கருத்து. அதன் பிறகு, தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி வேறு ஒருவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

1978-ம் ஆண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். நெருக்கடி நிலையிலும் உயிர் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது என்று ஆக்கினார்கள்.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி, 9 நீதிபதிகள் கூடி அந்தப் பழைய தீர்ப்பைத் தவறு என்று தள்ளினார்கள். உயிரும் சுதந்திரமும் பறிக்க முடியாத உரிமைகள் என்றார்கள். அப்படி எழுதியவர் நீதிபதி சந்திரசூட். பழைய தீர்ப்பை எழுதிய நால்வரில் ஒருவர் யார்? அவருடைய தகப்பனார்!

கேட்டால்தான் கிடைக்கும்

இத்தனை கதையிலும் ஒன்று தெரிகிறது.

பறிக்க முடியாத உரிமை என்கிறோம். ஆனால், மனிதர்கள் அதைப் பறித்துக் கொண்டேதான் இருந்தார்கள். பறிக்க முடியாது என்றால், பறிக்கவே மாட்டார்கள் என்று பொருள் அல்ல. பறித்தாலும் அது உன்னுடையதுதான். திருப்பிக் கேட்க உனக்கு எப்போதும் வழக்கு உண்டு என்றுதான் பொருள்.

பத்திரம் பெட்டியில் இருந்தால் போதாது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டவேண்டும். பெட் காட்டினாள். படிக்கத் தெரியாதவள், படித்தவர்கள் எழுதியதற்குப் பொருள் சொன்னாள்.

ஷெபீல்டு ஊரில் ஆஷ்லியின் வீடு இன்றும் இருக்கிறது. பொருட்காட்சியாக வைத்து இருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அந்த ஊரில் எலிசபெத் அம்மையாருக்குச் சிலை வைத்தார்கள்.

கர்னல் ஆஷ்லியை இன்று யாருக்குத் தெரியும்? அவர் அடிமைக்காரி வழக்கில் தோற்றவர் என்றால்தான் தெரியும்!